பள்ளிக்கூடக் காசும் கல்விச் சீர்திருத்தமும்: திருகோணமலைப் பெற்றார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஆசிரியரும் இல்லை, கல்வி அதிகாரியும் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன். மகள் படிக்கிற மாகாணப் பாடசாலையில் ஐந்து வருடம் அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருந்தேன். அந்த ஐந்து வருடமும் பாடசாலை வாசலில், மீன் சந்தையில், வட்ஸ்அப் குழுவில் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் என்னைத் தேடி வந்தன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதிலில் என் அபிப்பிராயம் எங்கே கலக்கிறது என்பது வாசிக்கும்போதே தெரியும்.

இலவசக் கல்வி என்றுதானே சொல்கிறார்கள், அப்புறம் ஏன் தவணைக்குத் தவணை காசு கேட்கிறார்கள்?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, அரசாங்க சபையில் பலத்த எதிர்ப்புக்கு நடுவே அதைக் கொண்டுவந்தார். அன்று இலவசமானது வகுப்புக் கட்டணம். பாடப்புத்தகம் 1980இலும் சீருடைத் துணி 1993இலும் சேர்ந்தன. இவற்றுக்கு அப்பால் ஒரு பாடசாலை நாளாந்தம் ஓடுவதற்குத் தேவையான சில்லறைச் செலவை அரசு ஒருபோதும் முழுமையாக ஏற்றதில்லை.

சில்லறை என்று சொல்லிவிட்டேன், ஆனால் அந்தச் சில்லறையை நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கிற செலவு. போட்டோகொப்பி மெஷினுக்கு மை. மலசலகூடம் கழுவ வருகிற அம்மாவின் சம்பளம். இரவுக் காவலாளி. உடைந்த கதிரைக்கு வெல்டிங். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல். ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் வெண்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழும்பி, “தம்பி, இதில் படிப்பு எங்கே இருக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

காசு கட்டாவிட்டால் பிள்ளையை வகுப்பில் இருந்து எழுப்புவார்களா?

எழுப்ப முடியாது. பாடசாலை பெற்றாரிடம் வாங்கும் இந்தக் காசுக்கு வசதிகள் சேவைக் கட்டணம் என்று பெயர்; அது கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை அனுமதிக்க மறுப்பதோ, பரீட்சை எழுத விடாமல் தடுப்பதோ, சான்றிதழைப் பிடித்து வைப்பதோ அமைச்சின் அறிவுறுத்தல்களுக்கு எதிரானது.

நடப்பது வேறு கதை. என் அண்ணன் மகன் வேறொரு பாடசாலையில் இருந்து விடுகைப் பத்திரம் எடுக்கப் போனபோது, “சங்கக் காசு மிச்சம் இருக்கு, அதைக் கட்டிவிட்டு வாங்க” என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் கூடப் போய், மறுப்பை எழுத்தில் தரும்படி கேட்டேன். எழுத்தில் வரவில்லை, விடுகைப் பத்திரம் வந்தது.

எங்கள் பாடசாலைக்குக் காசு கொழும்பில் இருந்தா வருது, மாகாணத்தில் இருந்தா?

இரண்டிலிருந்தும் வருகிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது. தேசியப் பாடசாலைகள் மட்டும் மத்திய அமைச்சின் கையில் இருக்கின்றன. நாட்டில் உள்ள பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகளில் அவை சில நூறுதான், மற்றவை எல்லாம் மாகாணத்துடையவை. ஆனால் மாகாணத்துக்குச் சொந்த வருமானம் குறைவு. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, திறைசேரி விடுவிக்க, அந்தக் காசு மாகாணத்துக்கு வந்து, கல்வி வலயத்துக்கு இறங்கி, கடைசியில் பாடசாலைக்கு வர வேண்டும்.

ஒரே பாடசாலைக்குள் எத்தனை பை என்று பாருங்கள். ஆசிரியர் சம்பளம் மாகாணத்தில் இருந்து. புத்தகம் கொழும்பில் இருந்து. புதுக் கட்டடம் உலக வங்கித் திட்டத்திலோ ஆசிய அபிவிருத்தி வங்கித் திட்டத்திலோ இருந்து. மதில், நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில். தண்ணீர்த் தாங்கி, யாரோ வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் தந்தது. எங்கள் தாங்கியில் தந்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தண்ணீர் வருவதற்கான குழாய் மட்டும் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அது வேறு ஒரு பையில் இருந்து வர வேண்டி இருந்ததாம்.

மாகாணக் கல்வித் திணைக்களம் நம் ஊரிலேயே இருக்கே, போய்ச் சொன்னால் நடக்காதா?

கிழக்கு மாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் திருகோணமலையில் இருப்பது நமக்கு ஒரு வசதிதான். அம்பாறைக்காரரும் மட்டக்களப்புக்காரரும் பஸ் ஏறி வரும் இடத்துக்கு நாம் சைக்கிளில் போகலாம்.

ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் நிர்வாகம். ஒரு வலயத்துக்கு ஏன் குறைவாக ஒதுக்கினீர்கள் என்று சபையில் எழும்பிக் கேட்க, நாம் தெரிவு செய்த ஒருவர்கூட இன்று இல்லை. கல்விக் காசு பற்றிய விவாதத்தில் இந்த ஓட்டையை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கட்சிக்காரர்கள் மாகாண சபை என்றவுடன் காணி, பொலிஸ் என்று ஓடிவிடுவார்கள். மாகாணம் நாளாந்தம் நடத்துகிற பெரிய வேலை பள்ளிக்கூடம் என்பது மறந்துபோகும்.

தேசியப் பாடசாலை ஆக்கினால் கூடக் காசு வருமா?

மத்திய அமைச்சிடம் இருந்து நேரடியாக வரும், பொதுவாகக் கூடவும் வரும். அதனால்தான் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். 2020க்குப் பிறகு ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்று ஒரு திட்டம் வந்தபோது பல இடங்களில் பெயர்ப்பலகைதான் முதலில் மாறியது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஆய்வுகூடமும் ஆசிரியரும் வந்தார்களா என்பதை அந்தந்தப் பாடசாலைப் பெற்றாரைக் கேட்டுப் பாருங்கள்.

6 வீதம், 6 வீதம் என்று கத்துகிறார்களே, அது என்ன கணக்கு?

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்ற கோரிக்கை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது அது ஊரெல்லாம் பரவியது. இன்றைய பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய அன்று அந்தப் போராட்டக்காரர் பக்கத்தில் நின்றவர். 2015இல் இன்சியோன் பிரகடனம் என்ற சர்வதேச உடன்பாடும் 4 முதல் 6 வீதம் என்ற அளவைச் சொன்னது.

நாம் செலவழிப்பது பல வருடங்களாக 2 வீதத்தைச் சுற்றித்தான். சில வருடங்களில் அதற்கும் கீழே.

அதை ஏன் தர மாட்டார்கள்? காசு இல்லையா, மனம் இல்லையா?

இரண்டும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு எண்ணைக் காட்டுகிறேன். 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு வந்தது. அதன் வழியில் 2024இல் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் ஒன்று நிறைவேறியது. வட்டியைத் தவிர்த்த அரச செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இப்போது கழித்துப் பாருங்கள். கல்விக்கு 6 கொடுத்தால் மிச்சம் 7. அந்த 7க்குள் ஆஸ்பத்திரி, பாதுகாப்பு, ஓய்வூதியம், அஸ்வெசும நலன்புரிக் காசு, வீதி, பொலிஸ் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே 6 வேண்டும் என்று மேடையில் பேசுகிறவரிடம், 13ஐ உயர்த்தப் போகிறீர்களா, அல்லது எதை வெட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஆட்சியில் இருப்பவரிடமும் கேளுங்கள், வெளியே இருப்பவரிடமும் கேளுங்கள். நான் ஒரு தேர்தல் கூட்டத்தில் கேட்டேன். “நல்ல கேள்வி அண்ணன்” என்றார் வேட்பாளர், மைக் அடுத்தவருக்குப் போனது.

அதற்காக 2 வீதம் போதும் என்று நான் சொல்லவில்லை. அதே 13க்குள் பாதுகாப்புச் செலவைக் குறைத்துக் கல்விக்கு நகர்த்த இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். போர் முடிந்தது 2009இல். கடற்படை முகாம்களைத் தினமும் கடந்து பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்விக்குக் கொடுக்கிற காசெல்லாம் ஆசிரியர் சம்பளத்துக்கே போகுதாமே?

பெரும்பங்கு போகிறது, உண்மைதான். பள்ளிக்கூடம் என்பதே ஆசிரியர்தானே, வேறு எங்கே போகும்? ஆனால் சம்பளம் போக மிஞ்சுகிற சிறு பங்குதான் முதல் கேள்வியில் நான் பட்டியலிட்ட செலவுகளுக்கு. நெருக்கடி வந்தால் சம்பளத்தில் கைவைக்க முடியாது, அந்தச் சிறு பங்கில்தான் வெட்டு விழும். வெட்டு விழுந்ததும் சங்கக் கூட்டத்துக்கு உங்களுக்குக் கடிதம் வரும்.

சம்பளமும் பெரிய சம்பளம் என்று நினைக்க வேண்டாம். 1997இல் இருந்து தொடர்ந்த சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலையில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூனில் கொழும்பில் இறங்கியவர்களுக்குக் கண்ணீர்ப்புகை கிடைத்தது. அந்த மூன்று மாதத்தில் பாடம் இழந்தது நம் பிள்ளைகள்தான், அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. அதே நேரம், எங்கள் கணித சேர் பின்னேரம் ரியூசனும் ஞாயிற்றுக்கிழமை வேனும் ஓட்டுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

டவுனில் ஆசிரியர் கூட, வெருகலில் ஆசிரியர் இல்லை. இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. திருகோணமலையில் இருந்து கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகலுக்குப் போகிற பஸ்ஸில் ஒருமுறை காலையில் ஏறிப் பாருங்கள். சேலைக்கு மேல் துவாய் போர்த்திய டீச்சர்மார் வரிசையாக இருப்பார்கள். இருட்டோடு வெளிக்கிட்டு, முதல் பாடத்துக்குப் போய்ச் சேர்ந்து, பள்ளி விட்டதும் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிகிற நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இடமாற்றக் கொள்கை எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. யாரைத் தெரியும் என்பதில்தான் அது வளைகிறது. இடையில் வருடக்கணக்காக மிகச் சிறிய தொகைக்கோ சும்மாவோ படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு மாகாண அலுவலக வாசலில் இருந்த காட்சியை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். போர்க் காலத்தில் எல்லைக் கிராமங்களின் வகுப்பறைகளைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், கஷ்டப் பிரதேசப் படி பஸ் காசைக் கட்டுவதற்காவது காண வேண்டும், அங்கே இருக்க ஆசிரியர் விடுதியும் வேண்டும். ஸ்மார்ட் போர்ட் அதற்குப் பிறகு வரட்டும்.

சின்னப் பள்ளிக்கூடங்களை மூடப் போகிறார்களாம், உண்மையா?

நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் 50க்கும் குறைந்த மாணவர்களே இருக்கிறார்கள். அவற்றை அருகில் உள்ளவற்றோடு இணைக்கும் பேச்சு பல அரசாங்கங்களாக நடக்கிறது, இப்போதைய சீர்திருத்தத்திலும் இருக்கிறது. கணக்கின்படி பார்த்தால் இணைப்பது சரி. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர் என்றால் யாருக்கும் நல்ல படிப்பு கிடைக்காது.

ஆனால் “அருகில்” என்ற சொல்லை வரைபடத்தில் அளக்கக் கூடாது. 2021 நவம்பர் 23 காலை கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் மக்கள் ஏறிய மிதப்புப் படகு கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் தூரம் எவ்வளவு? கத்திக் கூப்பிட்டால் கேட்கும். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில் மகாவலி பெருகியபோது மூதூர், வெருகல் பக்கம் வீதிகள் என்ன ஆயின என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் சில பாடசாலைகள் சிறிதாக இருப்பதற்குக் காரணம் மக்கள் துரத்தப்பட்டது. சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகுதான் காணிக்குத் திரும்பத் தொடங்கியது. அப்படித் திரும்பிய ஊர்களில் பள்ளிக்கூட மணி கேட்டால்தான் மற்றக் குடும்பங்களும் வரும். எனவே மாணவர் தொகையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவரிடம் முதலில் பஸ் எங்கே, பாலம் எங்கே என்று கேளுங்கள்.

இந்தப் புதுச் சீர்திருத்தம் என்னதான்? 6ஆம் தரத்துக்கு ஏன் நிறுத்தினார்கள்?

2026இல் 1ஆம், 6ஆம் தரங்களில் தொடங்குவதாகத் திட்டம். தடித்த பாடப்புத்தகத்துக்குப் பதில் மொடியூல் எனப்படும் சிறு அலகுகள், பரீட்சைச் சுமை குறைப்பு, வகுப்பறைக் கணிப்பீட்டுக்குக் கூடிய இடம், நீண்ட பாடவேளை. பாடசாலையைப் பிற்பகல் 2 மணி வரை நீட்டும் யோசனையை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, 2026இல் அது நடைமுறைக்கு வரவில்லை. வரலாறும் அழகியலும் கட்டாயமா, விருப்பமா என்று இன்னொரு சண்டை.

பிறகு 6ஆம் தர ஆங்கில மொடியூல் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பொருத்தமில்லாத இணையத்தள முகவரி அச்சாகி இருந்தது தெரியவந்து, பெரிய அரசியல் புயலானது. 2026 ஜனவரியில் 6ஆம் தரத்து மாற்றத்தை 2027க்குத் தள்ளிவைத்தார்கள். 1ஆம் தரத்தில் தொடர்கிறது. அச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒழுங்கான மீளாய்வு. அதைச் செய்யாதது அரசின் தவறு. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து முழுச் சீர்திருத்தமும் கலாசாரத்தை அழிக்க வந்தது என்று மேடை போட்டவர்கள், வெருகல் ஆசிரியர் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிம்மதிதானே?

பத்து வயதுப் பிள்ளையை விடிய நாலு மணிக்கு எழுப்புவதை நிறுத்த யாருக்குத்தான் விருப்பம் இல்லை? அந்தப் பரீட்சை வந்ததே ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக ஒரு வழியாக. வறிய குடும்பத்துக்குக் கிடைக்கிற மாதக் காசு 750 ரூபாயாக இருந்து 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆனது. ஒரு மாத ரியூசன் காசுக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே எல்லாரும் ஓடுவது காசுக்காக இல்லை, பாடசாலைக்காக. நல்ல பாடசாலை நாலைந்துதான் என்கிற வரை, பரீட்சையை எடுத்தால் அந்த இடம் சிபாரிசுக்கும் நன்கொடைக்கும் போகும். 1ஆம் தர அனுமதியில் நாம் பார்க்காததா?

இலவசக் கல்வி நம் உரிமைதானே? வழக்குப் போட முடியாதா?

இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரை எல்லாருக்கும் சமமான கல்வி வாய்ப்பைச் சொல்கிறது. ஆனால் அது அரச கொள்கை வழிகாட்டல். அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்று 29ஆவது உறுப்புரை கையோடு கதவைச் சாத்துகிறது.

திறந்திருக்கும் கதவு 12ஆவது உறுப்புரை, அதாவது சட்டத்தின் முன் சமத்துவம். 1ஆம் தர அனுமதியில் அநீதி நடந்ததாக உயர் நீதிமன்றம் போகிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள். அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரருக்கு 15 என்று சுற்றறிக்கை பிரித்திருப்பதால், உங்களை எந்த வகையில் தள்ளினார்கள் என்று காட்ட முடியும். மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு மாதத்தை அதிபரிடம் கெஞ்சுவதில் கழித்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இவ்வளவு சிக்கல் என்றால் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன?

1960, 61இல் அரசு, உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. நம் ஊரின் கோணேஸ்வரா இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷன் பெயரோடு இன்று அரச பாடசாலையாக இருப்பது அந்தக் கதை. தொடர்ந்து புதிதாகக் கட்டணப் பாடசாலை தொடங்கும் வழி அடைபட்டது. 1977க்குப் பின் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தில் பதிந்துகொண்டன. 1981 கல்வி வெள்ளை அறிக்கை, மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி, 2021இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம் என்று தனியார் பேச்சு வந்த ஒவ்வொரு முறையும் வீதியில் எதிர்ப்பு வந்தது.

என் பதில் இதுதான்: தனியார் எங்கே வருவார்கள்? டவுன் பக்கத்து உவர்மலைக்கு வருவார்கள். ஒதுக்குப்புறமான கோமரங்கடவலைக்கோ ஈச்சிலம்பற்றுக்கோ வர மாட்டார்கள்.

கணக்குக் கேட்டால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?

இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன், எனக்கும் இருந்தது. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கையை வாசிக்கும்போது பாதிப் பேர் வெளியே தேத்தண்ணி குடிப்பார்கள். அப்போது உள்ளே இருங்கள். தனியாகக் கேட்காமல் நாலு பெற்றாராகக் கேளுங்கள்.

மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வலய அலுவலகத்திடம் கேட்டால் பாடசாலையோடு முகம் முறிக்கவும் தேவையில்லை. நான் அப்படித்தான் எங்கள் பாடசாலைக்கு ஒரு வருடத்தில் வந்த தர உள்ளீட்டு நிதியை, அதாவது கற்பித்தலுக்குத் தேவையான பொருட்களுக்கு அரசு தரும் காசை, கேட்டேன். ஒன்றரைப் பக்கம் பதில் வந்தது. காசு விடுவிக்கப்பட்ட திகதி டிசம்பர் மூன்றாம் வாரம் என்று இருந்தது. அந்த வருடம் நாங்கள் பெற்றாரிடம் போட்டோகொப்பிக் காசு கேட்டுக் கடிதம் அனுப்பியது பெப்ரவரியில். கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து.